பனியில் எட்டு போட்டவர்கள்: ஃபிகர் ஸ்கேட்டிங்கின் கட்டாய வடிவங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் என் மகள் சாயங்காலம் ரோலர் ஸ்கேட்டிங் வகுப்புக்குப் போகிறாள். பிள்ளைகள் சுற்றிச் சுற்றி ஓட, பெற்றோர் நாங்கள் ஓரத்துச் சுவரில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருப்போம். ஒருநாள் பேச்சுவாக்கில், பிளேடு வைத்த ஷூவோடு பனித்தரையில் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் உலகப் போட்டிகளில் ஒருகாலத்தில் வட்டம் போட்டே ஜெயித்தார்கள் என்று சொல்லி வைத்தேன். அன்றிலிருந்து கேள்விகள் நிற்கவில்லை. ஒரே பதிலை ஏழெட்டு பேரிடம் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ‘ஃபிகர்’ என்றால் என்ன? உடம்பழகைத்தான் சொல்கிறார்களா?

இல்லை. நம்மூர்க் கல்லூரி வாசலில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற அர்த்தம் எனக்கும் தெரியும். இது அது இல்லை. இங்கே ஃபிகர் என்பது பனித்தரையில் காலால் வரைகிற வடிவம். கணக்குப் புத்தகத்தில் ‘படம் 1, படம் 2’ என்று போட்டிருக்குமே, அந்தப் படம். வட்டம், எட்டு, மூன்று வட்டம் ஒட்டிய கோடு, வட்டத்துக்குள் சின்னச் சுழி என்று போகும். எல்லாரும் கட்டாயம் போட்டுக் காட்ட வேண்டிய பட்டியல் ஒன்று இருந்ததால் ‘கட்டாய வடிவங்கள்’ என்று பெயர். குதிப்பதும் சுழல்வதும் இந்த விளையாட்டில் பிறகு வந்து சேர்ந்தவை. வடிவம் போட்டியை விட்டே போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

எட்டு போடுவது அவ்வளவு பெரிய வித்தையா?

லைசென்ஸ் எடுக்க எட்டு போட்டவர்கள் இதைக் கேட்கக் கூடாது. நான் முதல்முறை பைக்கில் எட்டு போட்டபோது இரண்டாவது வளைவில் கால் ஊன்றிவிட்டேன். அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். அந்த எட்டை இப்படி நினைத்துப் பாருங்கள்: வண்டி கிடையாது, ஒரே கால், காலுக்கடியில் ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளேடு. ஒரு தள்ளு தள்ளிவிட்டு அந்த வேகத்திலேயே முழு வட்டத்தையும் முடிக்க வேண்டும். வட்டத்தின் விட்டம் ஆளின் உயரத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அடுத்த காலில் இன்னொரு வட்டம். அப்புறம் போட்ட கோட்டின் மேலேயே மறுபடியும், மறுபடியும். மொத்தம் மூன்று முறை. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஸ்கேட்டிங் பிளேடின் அடிப்பக்கம் தட்டையானது அல்ல. நீளவாக்கில் நடுவில் லேசான குழிவு ஓடும். அதனால் பிளேடுக்கு இரண்டு விளிம்பு: உள்விளிம்பு, வெளிவிளிம்பு. உடம்பைச் சாய்க்கும் பக்கத்து விளிம்பு மட்டும் பனியைத் தொட்டால் ஒற்றைக் கோடு விழும். ஒரு நொடி நிமிர்ந்துவிட்டால் இரண்டு விளிம்பும் பதிந்து இரட்டைக் கோடு விழுந்துவிடும். மார்க் போச்சு. எந்த இடத்தில் தடுமாறினாய் என்பதைப் பனியே காட்டிக் கொடுக்கும்.

“பனியையே பார்க்காத ஊரில் இது எப்படிப் புரியும்?” என்று ஒரு அக்கா கேட்டார். பனி இல்லாவிட்டால் என்ன, ஐஸ் இருக்கிறதே! சின்னமுட்டத்திலோ குளச்சலிலோ படகுக்கு ஏற்ற இறக்கி வைத்திருக்கும் ஐஸ் கட்டியின்மேல் ஓர் ஆணியால் கீறிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி இருந்த இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு எழும், அதன் ஓரத்தில் உப்புத்தூள் போலப் பொடி ஒதுங்கும். ஆணியைச் சாய்த்தால் ஒரு மாதிரி, நேராக வைத்தால் வேறு மாதிரி. அந்த வெள்ளைக் கோட்டை வைத்துத்தான் உலக சாம்பியனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

வெறும் வட்டத்தோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. பாதி வட்டத்தில் ஒரே காலில் திரும்பி, முன்னோக்கி வந்தவர் பின்னோக்கிப் போக வேண்டும். அந்தத் திருப்பம் பனியில் ‘3’ என்ற எண்ணைப்போல ஒரு கூர்முனையை விட்டுப்போகும். பிராக்கெட், ராக்கர், கவுன்டர் என்று இன்னும் கடினமான திருப்பங்கள். ஒரே தள்ளில், ஒரே காலில் முழு எட்டையும் முடிக்கிற வகையும் உண்டு. மொத்தப் பட்டியலில் 41 வடிவங்கள். இதற்காகவே விடியற்காலையில் அரங்கத்துக்குப் போய், பனித்தரையைப் பாத்தி பிரித்ததுபோல ஆளுக்கொரு துண்டு வாங்கிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் மணிக்கணக்கில் வட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள். வட்டம் சரியா என்று பார்க்க ஆள் உயரத்துக்கு ஒரு காம்பஸ்கூட உண்டு.

கோலம் மாதிரி என்று சொல்லலாமா?

எல்லாரும் உடனே கோலத்துக்குத்தான் போகிறார்கள். பார்வைக்குச் சரி. ஆனால் கோலத்தில் புள்ளி இருக்கிறது, நின்று யோசிக்க நேரம் இருக்கிறது, பிசகினால் புறங்கையால் அழித்துவிடலாம். எனக்கு இது எங்கள் குமரி மாவட்டத்துத் தற்காப்புக் கலையான அடிமுறையைத்தான் ஞாபகப்படுத்துகிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

நடுவர்கள் எப்படி மார்க் போட்டார்கள்?

ஆட்டக்காரர் வரைந்து முடித்து ஒதுங்கிய பிறகு நடுவர்கள் பனித்தரைக்குள்ளேயே இறங்கி வருவார்கள். கனத்த கோட்டு, தொப்பி, கையில் அட்டை. கோட்டின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, மூக்கு பனியில் படும் அளவுக்குக் குனிந்து பார்ப்பார்கள். சிலர் பொடியை விலக்கிவிட்டுப் பார்ப்பார்கள். இரட்டைக் கோடு எங்கே, வட்டம் எங்கே நசுங்கியது, இரண்டு வட்டமும் தொடும் இடம் விலகியதா என்று ஒவ்வொன்றாக. பழைய படங்களைப் பார்த்தால் நிலத்தகராறில் சர்வேயர் எல்லைக்கல் தேடுவது போலத்தான் இருக்கும்.

இதை யார் ஆரம்பித்தார்கள்?

இதுதான் தொடக்கம் என்று ஒரு நாளைக் காட்ட முடியாது. 18-ஆம் நூற்றாண்டில் எடின்பரோவில் ஸ்கேட்டிங் கிளப் நடத்தினார்கள். ஒவ்வொரு காலிலும் முழு வட்டம் போட்டுக் காட்டினால்தான் உள்ளே சேர்ப்பார்கள். 1772-இல் ராபர்ட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர் ஸ்கேட்டிங்குக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டார். 1860-களில் ஜாக்சன் ஹெய்ன்ஸ் என்ற அமெரிக்கர் வியன்னாவுக்குப் போய், பாட்டுக்கு ஏற்ற நடனமாக ஸ்கேட்டிங்கை ஆடிக் காட்டினார். ஆங்கிலேயர்கள் விறைப்பாகக் கோடு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. வரைவதா ஆடுவதா என்ற இழுபறி அப்போதே தொடங்கிவிட்டது.

1892-இல் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் உருவானது. 1896-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முதல் உலகப் போட்டி. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ‘சிறப்பு வடிவங்கள்’ என்று தனிப் போட்டியே வைத்தார்கள். கட்டாயப் பட்டியலில் இல்லாத, தானே கற்பனை செய்த கோலங்களை வரைய வேண்டும். ரஷ்யாவின் நிக்கோலாய் பானின் தங்கம் வென்றார். ரஷ்யாவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம். அந்தப் போட்டி அதற்கப்புறம் ஒலிம்பிக்கில் நடக்கவேயில்லை.

சினிமாவுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, சோன்யா ஹெனியால். நார்வேக்காரர். 1924 ஒலிம்பிக்கில் 11 வயதில் கடைசி இடம். பிறகு 1928, 1932, 1936 மூன்றிலும் தங்கம், பத்து உலகப் பட்டம். 1936-லேயே ஹாலிவுட்டுக்குப் போய்விட்டார். திரையில் மக்கள் பார்த்தது குட்டைப் பாவாடையும் சுழற்சியும் புன்னகையும்தான். அவரும் வட்டம் போட்டுத்தான் பட்டம் வாங்கினார் என்பதைக் காட்ட எந்தத் தயாரிப்பாளர் பணம் போடுவார்? ஆகவே ஃபிகர் ஸ்கேட்டிங் என்றால் நடனம் என்று டிவி வருவதற்கு முன்பே ஜனங்கள் மனதில் பதிந்துவிட்டது.

அப்படியானால் டிவிதான் கட்டாய வடிவங்களைக் கொன்றதா?

பெரும்பாலும் ஆமாம் என்பேன். முழுவதும் அல்ல.

1960-இல் அமெரிக்காவின் ஸ்குவா வேலி ஒலிம்பிக்கை சிபிஎஸ் என்ற டிவி நிறுவனம் ஒளிபரப்பியது. 1960-களில் ஏபிசி என்ற இன்னொரு டிவியின் விளையாட்டு நிகழ்ச்சிகளில் டிக் பட்டன் வர்ணனை சொல்ல ஆரம்பித்தார். 1948, 1952 ஒலிம்பிக் தங்கம் வென்ற ஆள், வீட்டு ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக் கொடுத்த வாத்தியார். 1968 கிரெனோபிள் ஒலிம்பிக்கில் தங்கள் நாட்டு பெக்கி ஃபிளெமிங் தங்கம் வென்றதை அமெரிக்கர்கள் கலரில் பார்த்தார்கள். இதில் எதிலும் கட்டாய வடிவங்கள் பெரிதாகக் காட்டப்படவில்லை. காட்டி என்ன பயன்? வெள்ளைத் தரையில் வெள்ளைக் கோடு. கேமராவோ பக்கவாட்டில். மேலேயிருந்து பார்த்தால்தான் அது எட்டு, பக்கத்திலிருந்து பார்த்தால் ஒருவர் மெதுவாகச் சுற்றிச் சுற்றி வருகிறார், அவ்வளவுதான். அதுவும் மணிக்கணக்கில்.

அங்கேதான் வந்தது சிக்கல். 1972, ஜப்பானின் சாப்போரோ ஒலிம்பிக். ஆஸ்திரியாவின் ட்ரிக்ஸி ஷூபா வட்டம் போடுவதில் அசகாய சூரர். அப்போது பாதி மார்க் வடிவங்களுக்கு, பாதி இசைக்கு ஆடும் பகுதிக்கு. ஒருகாலத்தில் வடிவங்களுக்கு 60 சதவீதம்கூட இருந்தது. ஷூபா வடிவங்களில் எட்டமுடியாத தூரம் முன்னால் போய்விட்டார். ஆடும் பகுதியில் ஏழாவது இடம்தான். ஆனாலும் தங்கம் அவருக்கே. ஆட்டத்தில் முதலிடம் வந்த அமெரிக்காவின் ஜேனட் லின்னுக்கு வெண்கலம். லின் ஒரு சுழற்சியில் விழுந்து, எழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு ஜப்பான் முழுவதும் ரசிகர்கள்.

டிவியில் பார்த்தவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். வில்லுப்பாட்டில் கடைசி ராத்திரி மட்டும் போய் உட்கார்ந்தவன் மாதிரி, கதை எங்கே ஆரம்பித்தது என்றே தெரியாது. கண்முன்னால் ஆடியதில் ஒருவர் பிரமாதம், இன்னொருவர் சுமார். கடைசியில் சுமாருக்குத் தங்கம். நடுவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதானே தோன்றும்? ஷூபாவின்மேல் ஒரு குற்றமும் இல்லை. அன்றைய விதிப்படி அவர்தான் வல்லவர். ஆனால் அவர் வல்லமை யார் கண்ணிலும் படவில்லை.

அடுத்த ஆண்டே, 1973-இல், ஷார்ட் புரோகிராம் என்று குறுகிய ஆட்டப் பகுதி ஒன்றைப் புகுத்தினார்கள். வடிவங்களின் பங்கு 40 சதவீதமானது, பிறகு 30, கடைசியில் 20. 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் சுவிட்சர்லாந்தின் டெனிஸ் பீல்மன் ஆட்டத்தில் முதலிடம் வந்தும் பதக்கம் இல்லாமல் நான்காவதாகத் திரும்பினார். காலைத் தலைக்குமேல் இழுத்துப் பிடித்துச் சுழல்வார்களே, அந்தச் சுழற்சிக்கு இன்று அவர் பெயர்தான்.

முழுவதும் டிவிமேல் பழி போடக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. பனி அரங்க வாடகை அதிகம். பாதி நேரம் வட்டத்துக்கே போனால் சின்ன நாடுகளுக்குக் கட்டுப்படியாகாது. அப்புறம், காலி அரங்கத்தில் நடுவர் கொடுக்கும் மார்க்கை யார் கேள்வி கேட்பது? பிடித்தவரை அங்கேயே முன்னால் ஏற்றிவிடலாம் என்ற புகார் எப்போதும் இருந்தது.

கடைசியாக எப்போது நடந்தது?

1988 கால்கரிதான் வடிவங்கள் இருந்த கடைசி ஒலிம்பிக். அந்த ஆண்டே நிறுத்துவதாக முடிவெடுத்தார்கள். உலகப் போட்டியில் கடைசி 1990 மார்ச், கனடாவின் ஹாலிஃபாக்ஸ். அங்கே கடைசி வட்டத்தை வரைந்தவர் யூகோஸ்லாவியாவின் ஜெல்கா சிஸ்மெசியா. அவர் பெயர் பதக்கப் பட்டியலில் இல்லை, ஆனால் வரலாற்றில் இருக்கிறது.

அதே ஹாலிஃபாக்ஸில் ஜப்பானின் மிடோரி இட்டோ. காற்றில் மூன்றரைச் சுற்று சுற்றும் டிரிபிள் ஆக்ஸல் என்ற குதிப்பைப் பெண்களில் முதன்முதலில் போட்டியில் குதித்தவர். வடிவங்களில் பத்தாவது இடம். அதற்கப்புறம் குறுகிய ஆட்டம், நீண்ட ஆட்டம் இரண்டிலும் முதலிடம். மொத்தத்தில் இரண்டாவது. பட்டம் அமெரிக்காவின் ஜில் ட்ரெனரிக்கு. ஒரு வருஷம் தள்ளி நடந்திருந்தால் என்று ஜப்பான்காரர்கள் நினைத்திருக்க மாட்டார்களா?

நிறுத்தியது சரிதானா?

போட்டியிலிருந்து எடுத்தது சரி. பயிற்சியிலிருந்தும் அதைக் கைகழுவியது தப்பு. இது என் அபிப்பிராயம்.

சின்ன வயதில் இரண்டு வருஷம் அடிமுறை படித்தேன். குமரி மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆசான் முதல் சில மாதம் கையைத் தூக்கவே விடவில்லை. சுவடுதான். ஒற்றைச் சுவடு, திரும்பு, மறுபடியும் ஒற்றைச் சுவடு. செம்மண் தரையில் காலை எங்கே வைத்தோம் என்று ஆசான் எங்களைப் பார்க்க மாட்டார், மண்ணைத்தான் பார்ப்பார். “சுவடு நிக்கட்டும் மக்கா, அடி தன்னால வரும்” என்பார். ஊர்த் திருவிழாவில் மேடையேறியபோது சுவடு பார்க்க ஒருத்தரும் வரவில்லை, எல்லாரும் அடி பார்க்கத்தான் வந்தார்கள். ஆனால் சுவடு இல்லாதவன் மூன்றாவது அடியில் சரிந்தான். (அது நான்தான்.)

தமிழில் ‘சுவடு’ என்றால் கால் வைக்கும் முறையும் அதுதான், கால் விட்டுப்போன தடமும் அதுதான். கட்டாய வடிவங்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு மொழியில் இருக்கிறதா தெரியவில்லை.

வடிவங்கள் போன பிறகு குதிப்பவர்களின் காலம் வந்தது. 1998 ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் 15 வயது டாரா லிபின்ஸ்கி தங்கம். இதை வைத்து, வடிவங்கள் இருந்தால் சின்னப் பிள்ளைகள் ஜெயித்திருக்க முடியாது என்று சிலர் வாதாடுவார்கள். 1928-இல் ஹெனிக்கும் 15 வயதுதான்! ஆகவே அந்த வாதம் நிற்காது. ஆனால் விளிம்புப் பிடிப்பு பழையபடி இல்லை என்று மூத்த பயிற்சியாளர்கள் புலம்புவதில் நியாயம் இருக்கிறது.

நிறுத்திய பிறகு டிவியில் கூட்டம் ஏறியதா?

ஏறியது, ஆனால் அதற்குக் காரணம் ஆட்டம் மட்டுமல்ல. 1994 ஜனவரி 6, டெட்ராய்ட்டில் பயிற்சி முடித்து வந்த நான்சி கெரிகனை ஒருவன் காலில் தடியால் அடித்தான். போட்டியாளர் டோன்யா ஹார்டிங்கின் முன்னாள் கணவர் சதியில் இருந்தார். அடுத்த மாதம் லில்லெஹாமர் ஒலிம்பிக்கில் இருவரும் ஒரே பனித்தரையில் இறங்கிய அந்த இரவு, அமெரிக்காவில் டிவி உள்ள வீடுகளில் ஏறக்குறைய பாதி அதைப் பார்த்தது. நம்மூர் மெகா சீரியலுக்குக் கூட அப்படியொரு திருப்பம் எழுத மாட்டார்கள். தங்கம் என்னவோ உக்ரைனின் ஒக்சானா பையுலுக்குப் போனது.

2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஜோடிப் பிரிவில் பிரெஞ்சு நடுவர் தனக்கு நெருக்கடி வந்ததாகச் சொல்ல, ஒரே போட்டிக்கு இரண்டு தங்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. அதன் விளைவாக ‘ஆறுக்கு ஆறு’ என்ற பழைய மார்க் முறையே போய், 2004-இல் புதிய முறை வந்தது. வடிவங்களை எடுத்துவிட்டால் நடுவர்கள்மேல் சந்தேகம் தீரும் என்று நினைத்தவர்கள் இதற்கு என்ன சொன்னார்களோ.

இப்போதைய ஆட்டத்தில் அதன் மிச்சம் ஏதாவது இருக்கிறதா?

கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் குதிப்புகளுக்கு நடுவே அரங்கம் முழுக்கக் காலடிகளால் நிரப்பும் பகுதி வரும். அதில் பிராக்கெட், ராக்கர், கவுன்டர் திருப்பங்களைச் சுத்தமாகப் போட்டால்தான் உயர்ந்த மதிப்பெண் நிலை கிடைக்கும். எல்லாம் பழைய பட்டியலில் இருந்த பெயர்கள். அடுத்த முறை யூடியூபில் பார்க்கும்போது கையை விட்டுவிட்டுக் காலை மட்டும் பாருங்கள்.

வடிவங்கள் மட்டுமே உள்ள போட்டியும் மறுபடி முளைத்திருக்கிறது. 2015-லிருந்து நடத்துகிறார்கள், முதல் போட்டி அமெரிக்காவின் லேக் பிளாசிட்டில். பனியைக் கறுப்பாக்கிவிட்டார்கள். கரும்பலகையில் சாக்பீஸ் மாதிரி கோடு பளிச்சென்று தெரிகிறது. ஐம்பது வருஷம் முன்னால் யாராவது ஒரு டப்பா கறுப்பு பெயின்டைப் பற்றி யோசித்திருந்தால் ஷூபாவுக்கு அந்தக் கெட்ட பெயர் வந்திருக்காது.

இந்தியாவில் பனித்தரை எங்கே இருக்கிறது?

சிம்லாவில் குளிர்காலத்தில் தானாக உறையும் திறந்தவெளித் தரை 1920-லிருந்து இருக்கிறது. டேராடூனில் 2011-இல் கட்டிய உள்ளரங்கம் உண்டு. கன்னியாகுமரியிலிருந்து இரண்டும் நாட்டின் மறுகோடி. ரயிலில் போவதற்குள் பிள்ளைக்குக் கால் நீண்டு ஷூ பத்தாமல் போய்விடும்.

நம் பிள்ளைகள் ரோலரில் இதைப் பழகலாமா?

பழகலாம். ரோலர் ஸ்கேட்டிங்கிலும் வடிவங்கள் உண்டு, தரையில் பெயின்டால் வட்டம் போட்டு அதன்மேல் ஓட்டுவார்கள். சக்கரம் தடம் விடாது, அதனால் கோடு முன்னாடியே இருக்கும். நான் போன வாரம் கயிற்றின் ஒரு முனையைக் காலால் மிதித்து, மறுமுனையில் சாக்பீஸ் கட்டி, மொட்டைமாடியில் இரண்டு வட்டம் இழுத்தேன். மகள் உயரத்துக்கு மூன்று மடங்கு வைத்தால் மாடியில் இடம் இல்லை. இரண்டு மடங்கோடு நிறுத்திக்கொண்டேன். ஒற்றைக் காலில் முதல் வட்டத்தில் பாதி வந்தாள், தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா, இது போர்” என்றாள். சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனபோது பார்த்தால், யாருக்கும் சொல்லாமல் மறுபடியும் சுற்றிக்கொண்டிருக்கிறாள். தொட்டியைத் தாண்டிவிட்டாள்.